தூரிகையா, பேனாவா, மைக்கா? அறுபதுக்குப் பிறகு கொழும்பில் ஒரு கணக்கு

தெஹிவளையில் இருக்கும் என் நண்பர் ஒருவருடைய கட்டிலுக்குக் கீழே முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. அத்தனையும் ஒரே புத்தகம். அவரே எழுதி, அவரே அச்சடிப்பித்த சிறுகதைத் தொகுதி. முப்பத்தைந்து வருடம் படிப்பித்துவிட்டு இளைப்பாறியவர், கையில் மொத்தமாக வந்த பணத்தில் ஒரு பகுதியை அப்படியே அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். "தம்பி, தலைமாட்டில புத்தகம் வைச்சுப் படுத்தால் நல்ல நித்திரை வருமெண்டு சொல்லுவினம். எனக்குக் கட்டிலுக்குக் கீழ முழுக்கப் புத்தகம், நித்திரைதான் இல்லை" என்று மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்வார். அது முழுச் சிரிப்பு இல்லை.

அவருக்குப் பத்து வருடம் பிந்தி, 2024 இல் நானும் இளைப்பாறினேன். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனம், கணக்குப் பகுதி. முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. காலைப் பேப்பரை மரண அறிவித்தல் வரைக்கும் வாசித்தேன். வெள்ளவத்தைச் சந்தைக்கு நானே போய் மீன் வாங்கினேன். மூன்றாம் மாதம் மனைவி சொன்னாள்: "நீங்கள் ஒருக்கால் வெளியில போயிட்டு வந்தீங்களெண்டால் நான் நிம்மதியாச் சமைப்பன்." அதற்குப் பிறகுதான் பழைய ஆசைகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. பள்ளிக்கூடத்தில் படம் கீறுவேன். இருபதுகளில் பத்திரிகைக்கு நாலைந்து கதை அனுப்பினேன், இரண்டு வந்தன. "உமக்கு ரேடியோக் குரல்" என்று கந்தோரில் ஒருவர் ஒரேயொரு தடவை சொன்னதை முப்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். அப்புறம், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதை ஒரு ஆசையாகவோ திறமையாகவோ நான் எண்ணியதே கிடையாது.

கணக்கெழுதிய கை சும்மா இருக்காது. இனி எந்தக் கலையில் இறங்குவது என்று தெரிவு செய்ய ஒரு சி.ஆர். கொப்பியில் மூன்று நிரல் போட்டேன். எவ்வளவு காசு போகும், எனக்கு இதில் திறமை இருக்கிறதா, என் வேலைக்காக யார் காத்திருப்பார்கள். நடு நிரலை ஒரு கிழமையிலேயே வெட்டிவிட்டேன். அறுபது வயதில் தொடாத ஒன்றில் திறமை இருக்கிறதா என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. தொட்டுப் பார்த்த பிறகும் பல பேருக்குத் தெரியாது. முதல் நிரலும் மூன்றாம் நிரலும்தான் மிஞ்சின. இரண்டு வருடமாக நானும் மாஸ்டரும் வேறு நாலைந்து பேரும் பட்டு அறிந்ததை அந்த இரண்டு நிரலிலேயே எழுதுகிறேன்.

காசை முதலில் பார்த்துவிடுவோம். அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாமாதம் பென்சன் வருகிறது. என்னைப் போன்ற தனியார் துறைக்காரனுக்கு வருவது ஒரே தடவை: ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை. சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் போகும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். பணிக்கொடை, 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். எல்லாம் சேர்ந்து வங்கியில் விழும் நாளில் வாழ்நாளில் காணாத ஒரு எண் தெரியும். ஆபத்தும் அங்கேதான். 2022 கடைசியில், அரசாங்கத்துக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தை எட்டிப் பார்த்தது. வட்டியிலேயே ராசா மாதிரி இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். 2024 முடிவதற்குள் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் வைப்பு வட்டியில் பிடிக்கும் வரியும் 5 இலிருந்து 10 வீதமானது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் பிரகடனம் ஒன்று கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். வங்கியில் கேட்டால் படிவம் தருவார்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

ஆகவே என் வீட்டுச் சட்டம்: வங்கியில் கிடக்கும் முதல் பணத்தில் கை வைப்பதில்லை. மாத வட்டியில் வீட்டுச் செலவும் மருந்தும் போக மிஞ்சுவதில் ஒரு சின்னத் தொகை கலைக்கு. பென்சன்காரர் இதைவிடக் கொஞ்சம் துணியலாம், அடுத்த மாதம் 10 ஆம் திகதி அவருக்கு இன்னொன்று வருகிறது. ஆனால் மாஸ்டர் பென்சன்காரர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுத்துதான் நம்மில் அநேகர் முதலில் போய் விழுகிற கிணறு. காரணம், எழுதுவதற்குச் செலவே இல்லை. ஒரு கொப்பி, ஒரு பேனா, பின்னேரம் ஒரு பிளேன்டீ. கணக்குப் பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல தெரிவு எது? நானும் அப்படித்தான் நினைத்தேன். செலவு எழுத்தில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது. எழுதத் தொடங்கிய ஆறாவது மாதம் எல்லோரும் கேட்பார்கள், "எப்ப புத்தகம் போடுறியள்?" பத்துக் கதையை ஒழுங்காக எழுதி முடிக்காத ஆளுக்குப் புத்தகம் ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கொழும்பில் நூல் வெளியீட்டுக்கென்று ஒரு முறை இருக்கிறது. மண்டபம், பெரும்பாலும் வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம்; 1942 இல் தொடங்கிய சங்கம், அங்கே மேடையேறினால் எழுத்தாளர் என்று ஊர் ஒப்புக்கொண்ட மாதிரி. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை இரண்டு, கடைசியில் ஏற்புரை. முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் பெறுவார். பிறகு சிறப்புப் பிரதி பெறுகிறவர்களின் பெயரை வாசிப்பார்கள். ஒவ்வொருவராக மேடைக்குப் போய், கடித உறையை ஆசிரியர் கையில் வைத்து, புத்தகத்தை வாங்கி, இருவரும் அதைப் பிடித்தபடி கமராவைப் பார்க்க வேண்டும்.

மாஸ்டரின் வெளியீட்டில் நான் வரிசையில் ஏழாவது ஆள். உறையின் மேல் என் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தேன். எல்லோரும் எழுதியிருந்தார்கள். பெயர் எழுதாமல் யாரும் கொடுப்பதில்லை, ஏனென்றால் அது கலியாண வீட்டு மொய்யின் தம்பி. நாளைக்கு என் புத்தகம் வந்தால் மாஸ்டர் வர வேண்டும், உறையோடு. அன்று நூற்றுக்கு மேல் பிரதி போனது. மாஸ்டர் வீட்டுக்குப் போய் உறைகளைப் பிரித்து, அச்சுக்கூலியில் பாதி ஒரே நாளில் வந்துவிட்டதென்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் வாலிபம் திரும்பியிருந்தது. ஆனால் அந்தக் கூட்டம் மாஸ்டரை மதித்தவர்களின் கூட்டம், அவருடைய வாசகர்களின் கூட்டம் அல்ல. அடுத்த நாளிலிருந்து புத்தகம் நகரவில்லை.

கடைக்குக் கொடுக்கலாமே என்றால், கொடுக்கலாம். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் தமிழ்ப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் கழிவு கேட்பார்கள், விற்ற பிறகுதான் காசு; அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது, தட்டில் இடத்துக்கும் வாடகை இருக்கிறது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு 1999 இலிருந்து சனம் அள்ளுப்படுகிறது, ஆனால் அது பெரும்பாலும் சிங்களப் புத்தகங்களின் திருவிழா. தமிழ்க் கூடங்கள் சிலவே.

மாஸ்டருக்கு நடந்த இன்னொரு சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். அச்சகத்தில் புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துக் கட்டுவார்கள், அதை ஒரு பாரம் என்பார்கள். அவருடைய பிரதிகளில் ஒரு பகுதிக்கு ஐந்தாவது பாரம் தலைகீழாகக் கட்டுப்பட்டுவிட்டது. 65 ஆம் பக்கத்தில் கதாநாயகி கிணற்றடிக்குப் போகிறாள், புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தால்தான் தண்ணீர் அள்ளலாம். அச்சகக்காரர் "சேர், எல்லாத்திலயும் இல்லையே" என்று முடித்துவிட்டார். மெய்ப்புப் பார்த்தவர்கள் எழுத்துப் பிழை தேடினார்களே தவிர, கட்டிய பிரதியை ஒருவரும் ஒவ்வொன்றாகப் புரட்டவில்லை. முழுக் காசையும் முன்கூட்டியே கொடுத்திருந்ததால் கேட்கப் பலமும் இல்லை.

எழுத்தைத் தெரிவு செய்கிறவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதிகூட அடிக்கலாம். ஒரு பிரதிக்கு விலை கூடத்தான், ஆனால் கட்டிலுக்குக் கீழே இடம் மிஞ்சும். சர்வதேச நியம நூல் எண்ணைச் சுதந்திர அவனியூவில் உள்ள தேசிய நூலகத்தில் எடுங்கள். கையோடு ஒரு பிரதியை, அனுமதியும் கொடுத்து, 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்துக்குச் சேர்ப்பியுங்கள். 2005 இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேகரித்து இலவசமாக வாசிக்க வைக்கிறார்கள். ரொறொன்ரோவில் இருக்கும் பழைய மாணவி உங்களைத் தேடினால் அங்கேதான் கண்டுபிடிப்பாள், செட்டியார் தெருவில் அல்ல.

மூன்றாவது நிரலில் எழுத்துக்கு நேரே நான் போட்டது பூச்சியம். நாவலின் நாலாம் அத்தியாயத்துக்காக உலகத்தில் எந்த மனிதரும் காத்திருக்கவில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் நாளைக்கு, நாளைக்குப் பேரப்பிள்ளையின் பிறந்தநாள், அதற்கடுத்த நாள் மழை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பத்தி எழுதக் கிடைத்தால் கதை வேறு, வியாழக்கிழமை ஆசிரியபீடத்திலிருந்து தொலைபேசி வரும். ஆனால் 2022 இல் கடதாசி விலை எகிறிப் பக்கங்கள் மெலிந்த பிறகு அந்த இடங்களும் சுருங்கிவிட்டன. சன்மானத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், ஆட்டோவுக்குக் காணும்.

ஓவியத்துக்கு நான் எழுத்தைவிடக் கொஞ்சம் கூடப் புள்ளி போடுகிறேன். இது எனக்கே ஆச்சரியம், ஏனென்றால் செலவு முதல் நாளிலேயே தொடங்கிவிடும். நல்ல நீர்வண்ணத் தாள், வண்ணக் குழாய், தூரிகை எல்லாம் இறக்குமதி. ஆனால் அது சிறிது சிறிதாகப் போகிற செலவு. பத்துத் தாள் வாங்கி, பத்தையும் பழுதாக்கி, போதும் என்று நிறுத்தினால் நட்டம் பத்துத் தாள். அச்சகத்தில் பாதியில் நிறுத்த முடியாது.

தைலவண்ணம் வேண்டாமென்று வீட்டில் முதலே தீர்ப்பு வந்துவிட்டது, இரண்டு அறை வீட்டில் டர்பன்டைன் மணத்தோடு படுக்க முடியாதாம். நீர்வண்ணம் எடுத்தேன். எங்கள் பல்கனியிலிருந்து மரைன் டிரைவும், அதற்கப்பால் ரயில் பாதையும், அதற்கப்பால் கடலும் தெரியும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியிருந்தது. கடலைக் கீறலாமென்று தாளை நனைத்து நீலத்தைத் தொட்டு வைத்தேன். உப்புக் காற்றில் தாள் காயவே இல்லை. மெல்லிய தாள் அப்பளம் மாதிரி மேடும் பள்ளமுமாக எழும்பியது, பள்ளங்களில் நீலம் போய்க் குளமாக நின்றது. முக்கால் மணி நேரம் விசிறிக்குக் கீழே பிடித்த பிறகு பார்த்தால் கடல் நடுவில் நாலு தீவு. வழிமாறி வந்த யாழ்ப்பாணத் தீவகம் என்று மனைவி பெயர் வைத்தாள். பிறகு 300 கிராம் தடித்தாள் வாங்கி, பலகையில் ஒட்டுத்தாளால் நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி, அதிகாலையில் காற்று விழுந்திருக்கும் நேரத்தில் செய்யப் பழகினேன். இன்னொன்றும் அப்போதுதான் கண்டேன்: அந்த மாதங்களில் வெள்ளவத்தைக் கடலில் நீலமே இல்லை. சாம்பலும் பச்சையும், அலை உடையும் இடத்தில் பால் விட்ட தேத்தண்ணி நிறமும்தான். முப்பது வருடம் அதே கடற்கரை ரயிலில் கோட்டைக்குப் போய் வந்த ஆள் நான்.

முடித்த படங்களைக் கோப்பில் போட்டு மூடினால் இரண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துத் தவிட்டு நிறப் புள்ளி விழும். கடலோரத்தில் இருக்கிறவர்கள் சிலிக்காப் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். படத்துக்குச் சட்டம் போடும் கூலி சில சமயம் படத்தைவிட விலை கூட வரும். இதையெல்லாம் வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

விற்கிற இடங்கள் என்று பார்த்தால் கொழும்பு இதில் பரவாயில்லை. கொழும்பு 7 இல், நகர மண்டபத்துக்குக் கிட்ட, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதை வேலியில் படங்களைத் தொங்கவிட்டு விற்கிறார்கள். உல்லாசப் பயணிகள் யானையும் கண்டி நடனக்காரரும் கேட்பார்கள், கீறத் தெரிந்தால் அதற்குக் கிராக்கி உண்டு. அதே தெருவில் 1993 இலிருந்து ஆண்டுத் தொடக்கத்தில் நடப்பது கலா பொல. பொல என்றால் சிங்களத்தில் சந்தை. பெயருக்கு ஏற்ற மாதிரி ஓவியர் தன் படத்துக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவர் அவரோடே விலை பேசலாம். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த ஆனந்த குமாரசுவாமியே முதலில் மண்ணியல் படித்து, இலங்கையின் கனிப்பொருள் அளவீட்டுக்குப் பொறுப்பாக இருந்து, பிறகுதான் கலைக்கு வந்தவர். சற்றுத் தள்ளி கில்போர்ட் கிரசன்ட்டில் யாருடைய நினைவாக அரங்கம் கட்டினார்களோ, அந்த லயனல் வென்ட் சட்டம் படித்துவிட்டுப் பியானோவுக்கும் கமராவுக்கும் போனவர். தொழில் மாறினவர்களின் பேட்டைதான் அது. என்ன, இரண்டு பேரும் அறுபது வரைக்கும் காத்திருக்கவில்லை.

ஓவியத்துக்காகக் காத்திருக்கிறவர் யார்? கலா பொல நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கிறது, வருடத்தில் அதுவும் ஒன்றுதான். மற்றபடி வகுப்பு. சனிக்கிழமை காலை ஒரு வகுப்பில் சேர்ந்தேன், பத்தொன்பது வயதுப் பெண் பிள்ளைக்குப் பக்கத்து இருக்கை. ஆசிரியருக்கு என் மகனுடைய வயது. "அங்கிள், நிழல் எந்தப் பக்கம்?" என்று அவர் எல்லோருக்கும் முன்னால் கேட்ட போது காது சூடாகியது. எனக்குக் கீழே முப்பது பேருக்குக் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஆள் நான்! இந்தச் சூட்டைத் தாங்க முடியாதவர்கள் மூன்றாம் சனிக்கிழமைக்கு வருவதில்லை. என்னோடு சேர்ந்த இளைப்பாறிய பொறியியலாளர் ஒருவர் வரவில்லை. தாங்கினால், சனிக்கிழமை என்று ஒன்று வாழ்க்கையில் திரும்பி வந்துவிடும். இளைப்பாறியவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

குரல் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1925 இலேயே வானொலி தொடங்கிய ஊர் இது, வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்த நாடகங்கள் இப்போது குறைவு. ஆனால் விளம்பரமும் அறிவித்தலும் மும்மொழியில் வேண்டும், சிங்களத் தொடர்களைத் தமிழில் குரல் மாற்றுகிறார்கள், அவற்றில் ஒரு தாத்தா எப்படியும் இருப்பார். இளம் பிள்ளைகள் தொண்டையைக் கரகரப்பாக்கித் தாத்தா பேசுவது கேட்கச் சகிக்காது. அதனால் நிஜத் தாத்தாவுக்கு இடம் உண்டு. ஒரு மருந்து விளம்பரத்துக்கு ஒரு வரி பேசினேன். "கொஞ்சம் பொதுவாச் சொல்லுங்க சேர்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது. பொது என்றால் யாழ்ப்பாணம் தெரியக்கூடாது, மட்டக்களப்பு தெரியக்கூடாது, மலையகம் தெரியக்கூடாது, சென்னையும் தெரியக்கூடாது. அப்படி ஒரு தமிழ் எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை. அதை இருபத்திரண்டு தடவை முயன்றேன். மேல் பல் கட்டியிருப்பதால் 'ச' வரும் இடமெல்லாம் சின்ன விசில் வேறு. கூலி நாலு மாதம் கழித்து வந்தது, மூன்று தொலைபேசிக்குப் பிறகு.

மேடை நாடகம் வேறு மாதிரி. காசே இல்லை, ஆனால் மூன்றாவது நிரல் நிரம்பி வழியும். நீங்கள் ஒத்திகைக்குப் போகாவிட்டால் உங்களுக்கு எதிரே வசனம் பேசுகிறவர் சுவரோடு பேச வேண்டும். ஆறரை மணிக்குப் பிந்தினால் ஏழு பேர் ஏசுவார்கள். தனிமைதான் உங்கள் பிரச்சினை, காசு அல்ல என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், ஒரு நாடகக் குழுவைத் தேடிப் போங்கள். முழங்காலை மட்டும் முதலில் டொக்டரிடம் காட்டிவிடுங்கள்.

யூடியூப் பற்றியும் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அங்கே காத்திருப்பது மனிதர் அல்ல, ஒரு எண். அதை இராத்திரி இரண்டு மணிக்கு எழும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கடைசியில் வருவது நான் கொப்பியில் எழுதவே மறந்திருந்தது. இளைப்பாறிய சிங்கள நண்பர் ஒருவர், கந்தோரில் எனக்கு எதிர் மேசை, நுகேகொடையில் இருக்கிறார். அவருடைய மருமகள் குறும்படம் ஒன்றுக்குத் தமிழில் உபதலைப்புப் போட ஆள் தேடினாள். "மச்சான், நீ செய்" என்றார். செய்தேன். மொழிபெயர்ப்பு ஒரு கலைத்தொழில் என்று அதுவரை எனக்குப் படவில்லை. கப்பல் கம்பனியில் சுங்கத்துக்குக் கடிதம் மாற்றுகிற வேலை என்றுதான் எண்ணியிருந்தேன்.

முதல் காட்சியிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு பையன் வாசலில் நின்று "அய்யா" என்று கூப்பிடுகிறான். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். நம் காதுக்கு அது ஐயா, ஊரில் அப்பாவைக் கூப்பிடுகிற சொல். இதே இடத்தில் வழுக்கி, அண்ணனை அப்பாவாக்கிவிட்ட மொழிபெயர்ப்பை நான் அச்சில் பார்த்திருக்கிறேன். வாசகர் பத்துப் பக்கம் போய், அப்பாவுக்கு ஏன் இன்னும் கலியாணம் பேசுகிறார்கள் என்று குழம்ப வேண்டியதுதான். மல்லி தம்பி, நங்கி தங்கச்சி, அக்கா மட்டும் இரண்டு பக்கமும் அக்கா. இவை அகராதியில் இருக்கிறது. "அனே" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு அகராதி காணாது. அந்தப் பதினைந்து நிமிடப் படத்தில் அம்மா ஆறு தடவை "அனே" சொல்கிறாள். ஒரு தடவை அது "ஐயோ பாவம்". ஒரு தடவை "என்ர ராசா". ஒரு தடவை "தயவுசெய்து". மகன் பொய் சொல்கிறான் என்று தெரிந்து சொல்லும் போது அது "ஓமோம்" என்பதற்குக் கிட்ட. கடைசித் தடவை என்ன போடுவதென்று மூன்று நாள் யோசித்தேன். ஒன்றும் போடாமல் விட்டேன், அவளுடைய முகம் போதும் என்று. அந்த மூன்று நாளும் கந்தோரை நான் நினைக்கவே இல்லை.

செலவு நிரலில் மொழிபெயர்ப்புக்கு நேரே கிட்டத்தட்டப் பூச்சியம். அகராதி இரண்டு, பழைய கொம்பியூட்டர், தமிழ்த் தட்டச்சு. அச்சுச் செலவு பதிப்பாளருடையது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது, ஆகவே கடதாசி மட்டத்திலாவது எல்லாமே இரண்டு மொழியில் வேண்டும். பஸ்ஸுக்குள்ளும் கந்தோர்ச் சுவரிலும் தமிழ் படும் பாட்டைப் பார்த்தால் ஆள் பற்றாக்குறை விளங்கும். காரணமும் தெரிந்ததுதான். சிங்களப் பிள்ளை ஒரு மொழிமூலத்தில் படிக்கிறது, தமிழ்ப் பிள்ளை இன்னொன்றில், இரண்டும் ஒரே வகுப்பில் உட்காருவது அபூர்வம். கலப்புக் கந்தோர்களில் முப்பது வருடம் பகிடி விட்டு, சண்டை பிடித்து, மரண வீட்டுக்குப் போய்ப் பழகின நம் வயதுக்காரரின் சிங்களம் எந்த வகுப்பிலும் கிடைக்காத சிங்களம். மற்றத் தெரிவுகளில் அறுபது வயது ஒரு குறை. இதில் அது சரக்கு.

காசு வேண்டுமென்றால் நீதி அமைச்சில் பதிந்து சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகலாம். பிறப்புச் சான்றிதழ், உறுதி, பள்ளிச் சான்றிதழ் என்று கையில் காசு வரும், ஆனால் அதில் படைப்பு ஒன்றும் இல்லை, முத்திரைதான் இருக்கிறது. கதை மொழிபெயர்ப்பில் கூலி சுமார். பதிலுக்கு ஆள் காத்திருக்கிறார்: மூல ஆசிரியர், பதிப்பாளர், அந்த மருமகள். அரச இலக்கிய விருதுகளில் மொழிபெயர்ப்புக்குத் தனி இடமும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள். 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்கும் அதன் பிறகு 70 வருடத்துக்கும் இருக்கிறது. பிடித்த கதை என்று தூக்கி மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு அனுமதி தேடினால் கஷ்டம். முதலில் கடிதம், பிறகு பேனா.

எனவே ஆளைப் பொறுத்துச் சொல்கிறேன். பென்சன் உண்டு, வீடு நிறையச் சனம், சத்தத்தில் இருந்து தப்ப வேண்டும் என்றால் எழுத்து, ஆனால் ஐம்பது பிரதிக்கு மேல் ஒரு பிரதிகூட வேண்டாம். கையும் கண்ணும் சரி, மற்றவருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கமில்லை என்றால் ஓவியம்; வெண்புரை சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கிறவர்கள் அதை முடித்துவிட்டு வண்ணம் வாங்குவது நல்லது, மஞ்சள் எல்லாம் வேறு மாதிரித் தெரியும். தனியாக இருக்கிறவர்களுக்கு மேடை. இரண்டு மொழி உள்ளவர் இந்த மூன்றையும் தொடுவதற்கு முன் ஒரு கதையை மொழிபெயர்த்துப் பார்க்கட்டும். ஒரு மொழி மட்டும் உள்ளவருக்கு அறுபதில் சிங்களம் படித்து இதற்கு வரச் சொல்லமாட்டேன், அது பேசக் காணும், "அனே"க்குக் காணாது.

நான் கிழமையில் நாலு நாள் மொழிபெயர்ப்பு, சனிக்கிழமை காலை வண்ணம் என்று வைத்துக்கொண்டேன். நாவலின் நாலாம் அத்தியாயம் கொப்பியில் அப்படியே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைகளில் நுகேகொடை நண்பர் வருகிறார். சிங்களத்திலிருந்து தமிழுக்கு நான் செய்வது போல, தமிழிலிருந்து சிங்களத்துக்கு அவர் ஒரு கதை செய்து பார்க்கப் போகிறாராம். தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துச் சொல்ல, அவர் எழுத வேண்டும். எந்தக் கதை என்று கேட்டார். போன கிழமை இருவரும் தெஹிவளைக்குப் போனோம். மாஸ்டர் முழங்காலை மெல்ல மடக்கிக் கீழே குனிந்து, கட்டிலுக்குள் கையை விட்டு ஒரு பிரதியை இழுத்தார். சாரத்து நுனியால் தூசியைத் துடைத்தார். ஐந்தாவது பாரத்தைத் திறந்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நண்பரின் கையில் வைத்தார்.

"காசு எவ்வளவு, மாஸ்டர்?" என்று நண்பர் தமிழில் கேட்டார்.

"முதல்ல வாசியுங்கோ" என்றார் மாஸ்டர். "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு நான் வரவேணும்?"